ஸ்கூல் தொறந்தாச்சே, அப்பா எப்ப வருவாரு?

கேள்வி:

மேடம், நாங்க திருப்பூர். என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரா இருந்தார், வயசு 41. போன வருஷம் 2021 மே 14ஆம் தேதி கொரோனாவுல தவறிட்டார். பையன் எட்டாவது, பொண்ணு ரெண்டாவது. பாப்பாகிட்ட இன்னும் சொல்லல, அப்பா கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில இருக்கார், கொரோனா போனதும் வந்துருவார்னு எங்க மாமியார் சொல்லி வெச்சிருக்காங்க. அதனால வீட்டுல போட்டோ கூட மாட்டல. இப்ப 2022 பிப்ரவரி 1ஆம் தேதி ஸ்கூல் தொறந்ததும் "ஸ்கூல் தொறந்தாச்சே, கொரோனா போயிருச்சுதானே, அப்பா எப்ப வருவாரு"ன்னு டெய்லி கேக்கறா. பையன் ஸ்கூலுக்கே போக மாட்டேங்கறான், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன்தான், ஆன்லைன் கிளாசுக்குன்னு அவங்க அப்பா போனதான் குடுத்தேன், இப்ப பிடுங்கினா தட்ட வீசறான். படிப்பு வேணாம் ஹெல்பர் வேலைக்கு போறேன்ங்கறான். வீட்டுல அவனுக்குதான் மொதல்ல காய்ச்சல் வந்துச்சு, கிரிக்கெட் விளையாடப் போய் இவன்தான் கொண்டாந்துட்டான்னு எங்க நாத்தனார் ஒரு தடவ அவன் காதுபடவே சொல்லிட்டாங்க. நான் செக்கிங் வேலைக்குப் போறேன், ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வர ராத்திரி ஆயிருது. ஸ்கூல் மாத்தலாம்னா, ஃபீஸ் பாக்கி இருக்கறதால டி.சி. தரமாட்டேங்கறாங்க. நான் இன்னும் ஒருநாள் கூட உக்காந்து அழல மேடம். மொதல்ல எத சரி பண்றதுன்னே தெரியல.

பதில்:

தங்கச்சி, அப்படியே கூப்பிடறேன், உங்க வயசுல எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. உங்க லெட்டர நாலு தடவ படிச்சேன். நீங்க பையன் பிரச்சனை தனி, பாப்பா பிரச்சனை தனி, நீங்க அழாதது தனின்னு எழுதியிருக்கீங்க, எனக்கு படிக்க படிக்க மூணும் ஒரே எடத்துல இருந்து வர்ற மாதிரிதான் தெரியுது. பாப்பாவுக்கு தெரியக்கூடாதுன்னு போட்டோ மாட்டல, போட்டோ இல்லாததால வெளக்கு வெக்கல, பாப்பா முன்னாடி அழக்கூடாது, அவர் பேர சொல்லக்கூடாது, யாராச்சும் வீட்டுக்கு வந்தா வாசல்லயே கண்ண காமிச்சு பேசாதீங்கன்னு சொல்லணும், இப்படியே ஒம்பது மாசம் ஓடியிருக்கு. அவருக்காக அழறதுக்கு அந்த வீட்டுல ஒருத்தருக்கும் எடமே இல்லாம போச்சு. உங்க மாமியார நான் குத்தம் சொல்ல மாட்டேன், பெத்த புள்ளைய பறிகுடுத்துட்டு, பேத்தியாச்சும் அழாம இருக்கட்டும்னு நெனச்சவங்க அவங்க. ஆனா அந்தப் பொய்ய பாப்பாகிட்ட டெய்லி யாரு சொல்லியிருப்பா, நீங்க ஒன்றரை ஷிப்ட்ல இருக்கீங்க, "அண்ணா அப்பா எப்ப வருவாரு"ன்னு சாயங்காலம் அவ கேட்டிருக்கறது உங்க பையன்கிட்டதான். பதிமூணு வயசுப் பையன், அப்பா செத்துட்டார்னு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, வந்துருவார் பாப்பான்னு ஒம்பது மாசமா சொல்லிட்டு இருந்திருக்கான். இத யோசிச்சப்ப எனக்கு தொண்டை அடைச்சுருச்சு.

அதனால மொதல்ல பாப்பாகிட்ட சொல்லுங்க. டி.சி. அடுத்த வாரம் பாத்துக்கலாம், போன் சண்டையும் ரெண்டு நாள் பொறுத்துக்கலாம். இது மட்டும் தள்ளிப் போட முடியாது, ஏன்னா ஸ்கூல் தொறந்தாச்சு, பக்கத்து வீட்டுப் புள்ளையோ வேன்ல வர்ற புள்ளையோ "உங்கப்பா செத்துட்டாருல்ல"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், அவளுக்கு அப்பா போனது மட்டும் இல்ல, அம்மா சொன்னதெல்லாம் பொய்யின்னும் சேத்து தெரிஞ்சுரும்.

சனிக்கிழமை சாயங்காலமோ ஞாயித்துக்கிழமை காலையிலயோ சொல்லுங்க, மறுநாள் ஸ்கூலா இருந்தா அன்னிக்கு லீவு போட்டுருங்க, நீங்களும் ஒருநாள் வேலைக்குப் போகாதீங்க, சம்பளம் போகும்னு தெரியும், இருந்தாலும் அந்த ஒருநாள் அவ பக்கத்துல நீங்க இருக்கணும். பையன்கிட்ட மொத நாளே தனியா சொல்லிருங்க, நாளைக்கு பாப்பாகிட்ட சொல்லப் போறேன்டா, நீ இனிமே அவகிட்ட பொய் சொல்ல வேண்டாம், இத்தன நாள் உன்ன சொல்ல வெச்சதுக்கு அம்மாவ மன்னிச்சுருன்னு. அவங்க அப்பத்தாகிட்டயும் சொல்லிருங்க, அவங்க வேணாம்னுதான் சொல்லுவாங்க, அழுவாங்க, கோவப்படுவாங்க, மேடம் சொல்லியிருக்காங்கன்னு என் தலையில போட்டுருங்க.

பாப்பாகிட்ட சுத்தி வளைக்காதீங்க. மடியில வெச்சுக்கிட்டு, "பாப்பா, அப்பாவுக்கு கொரோனா வந்துச்சுல்ல, டாக்டருங்க ரொம்ப முயற்சி பண்ணாங்க, சரியாகல, அப்பா செத்துப் போயிட்டாரு"ன்னு சொல்லுங்க. செத்துப் போயிட்டாருங்கற வார்த்தை உங்க வாயில வராது, எனக்கு தெரியும், நம்ம ஊர்ல பெரியவங்களே தவறிட்டார், சாமிகிட்ட போயிட்டார்னுதான் சொல்லுவோம். ஆனா ஏழு வயசுப் புள்ளைங்க சொல்ற வார்த்தைய அப்படியே எடுத்துக்கும். சாமிகிட்ட போயிட்டாருன்னு சொன்ன ஒரு வீட்டுல, அந்தப் புள்ள கோயிலுக்குப் போறப்பல்லாம் கர்ப்பகிரகத்துக்குள்ள எட்டி எட்டி பாத்திருக்கு. தூங்கிட்டார்னு சொன்ன வீட்டுல புள்ள ராத்திரி தூங்கவே பயந்துச்சு, அம்மா கண்ண மூடினா உலுக்கி எழுப்பும். அதனால, செத்துப் போறதுன்னா உடம்பு வேலை செய்யறது நின்னுரும், மூச்சு விட மாட்டாங்க, பசிக்காது, வலிக்காது, திரும்பி வர முடியாதுன்னு வெளக்கிருங்க. சாமி நம்பிக்கைய அதுக்கப்பறம் சொல்லிக்கலாம், தப்பில்ல.

அவ மூணு கேள்வி கேப்பா, அதுக்கு இப்பவே தயாராகிக்கங்க. ஏன் பொய் சொன்னீங்கன்னு கேட்டா, நீ அழுவேன்னு பயந்துட்டோம் பாப்பா, சொல்லியிருக்கணும், தப்பு எங்க மேலதான், இனிமே எதுன்னாலும் உண்மைய சொல்றேன்னு சொல்லிருங்க. நீயும் செத்துருவியான்னு கேப்பா, இது கண்டிப்பா வரும். மாட்டவே மாட்டேன்னு சத்தியம் பண்ணாதீங்க, எல்லாருக்கும் ஒருநாள் வரும், அம்மா ஊசி போட்டிருக்கேன், நல்லாருக்கேன், உன்கூட ரொம்ப நாள் இருப்பேன்னுதான் நெனைக்கறேன், எனக்கு முடியாம போனாலும் உன்னப் பாத்துக்க அப்பத்தா இருக்காங்க, மாமா இருக்காருன்னு பேர் பேரா சொல்லுங்க, அந்தப் பேரெல்லாம் அவளுக்கு ரொம்ப முக்கியம். மூணாவது, அப்பாவ எங்க வெச்சிருக்கீங்கன்னு கேப்பா. எரிச்சாச்சுன்னு சொல்ல கஷ்டமா இருந்தாலும் சொல்லுங்க, அப்பாவுக்கு அப்ப வலி தெரியாதுங்கறத மறக்காம சேத்து சொல்லுங்க.

சொல்லி முடிச்ச பத்தாவது நிமிஷம் அவ எந்திரிச்சுப் போய் பாண்டி விளையாடினா பயப்படாதீங்க. சின்னப் புள்ளைங்க துக்கம் அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் அழும், ஓடிப் போய் விளையாடும், சோறு திங்கறப்ப திடீர்னு திரும்ப கேக்கும். படுக்கையில ஒண்ணுக்கு போறது, உங்கள ஒட்டிக்கிட்டே திரியறது, இதெல்லாம் கொஞ்ச நாளைக்கு இருக்கும், திட்டாதீங்க. கிளாஸ் டீச்சர்கிட்ட மட்டும் முன்கூட்டியே சொல்லி வெச்சுருங்க, அப்பா பேர் எழுது, அப்பாவுக்கு கார்டு செய்னு டீச்சர் தெரியாம சொல்லிரக் கூடாது.

இப்ப பையன். அந்த போன பத்தி நீங்க போற போக்குல "அவங்க அப்பா போனதான் குடுத்தேன்"னு எழுதியிருக்கீங்களே, அங்க நான் நின்னுட்டேன். அந்த போன்ல அவர் எடுத்த போட்டோ இருக்கும், அவர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ் இருக்கும், அவர் யார் யார்கூட என்ன பேசினார்னு வாட்ஸப்ல இருக்கும். எங்கிட்ட வந்த ஒரு ப்ளஸ் ஒன் பொண்ணு, அவ அம்மா கடைசியா அனுப்பின வாய்ஸ் மெசேஜ வெச்சுக்கிட்டு இருந்தா, "வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வா"ன்னு மட்டும்தான் அதுல இருக்கும், தூங்கப் போறதுக்கு முன்னாடி டெய்லி கேப்பாளாம். ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க பையன் கேம்தான் விளையாடறானா, இல்ல அப்பா குரல கேட்டுட்டு இருக்கானான்னு எனக்குத் தெரியாது, ரெண்டும் கூட இருக்கலாம். ஆனா பிடுங்கினா தட்டு பறக்குதுன்னா, அவன் அத வெறும் போனா பாக்கலன்னுதான் தோணுது. அதனால பிடுங்காதீங்க. ஒருநாள் பாப்பா தூங்கினப்பறம் அவன் பக்கத்துல போய் உக்காந்து, அந்த போன்ல அப்பா குரல் எதாச்சும் இருக்காடா, எனக்கும் கேக்கணும் போல இருக்குன்னு கேளுங்க. அவ்வளவுதான், வேற எதுவும் பேச வேணாம். நீங்க ஒன்பது மாசமா அழல்லைன்னு சொன்னீங்களே, அன்னிக்கு அழுகை வந்தா அடக்காதீங்க, அம்மா அழறத பாத்தா பையன் ஒடஞ்சுருவான்னு நெனைக்காதீங்க, நமக்கு மட்டும்தான் இப்படி இருக்குன்னு அவன் நெனச்சுட்டு இருந்தான்னா அது மாறும்.

போன்லயே இன்னொரு விஷயம், இத இந்த வாரமே பண்ணுங்க. மொபைல் கடையில குடுத்து அதுல இருக்கற போட்டோ, வீடியோ, வாய்ஸ் எல்லாத்தையும் ரெண்டு பென்டிரைவ்ல காப்பி எடுத்து ஒண்ண பீரோவுல வைங்க, ஒண்ண அவன்கிட்ட குடுங்க. போன் கீழ விழுந்து போச்சுன்னா அவனுக்கு ரெண்டாவது தடவ அப்பா போன மாதிரி ஆயிரும். அவர் நம்பரையும் ரீசார்ஜ் பண்ணி வைங்க, மாசக்கணக்கா விட்டா கம்பெனிக்காரங்க அத வேற யாருக்காச்சும் குடுத்துருவாங்க, பேங்க் ஓடிபி வர்றதுக்கும் அந்த நம்பர் வேணும். காப்பி எடுத்து அவன் கையில குடுத்தப்பறம்தான், ராத்திரி பதினொரு மணிக்கு மேல போன் ஹால்ல சார்ஜ்ல இருக்கட்டும்னு பேச ஆரம்பிக்கணும், ரெண்டுல இருந்து ஒரேடியா பதினொரு மணிக்கு வராது, வாரத்துக்கு அரை மணி நேரம் குறைங்க.

அவங்க அத்தை சொன்ன வார்த்தைக்கு வர்றேன், எனக்கு ரொம்ப கோவம் வந்தது இங்கதான். அவங்களும் கூடப்பொறந்தவர எழந்தவங்க, துக்கத்துல வாய்ல வந்தது, இருந்தாலும் அந்த வார்த்தை பையன் மனசுல முள்ளு மாதிரி நிக்குது. அவன உக்கார வெச்சு கணக்கு மாதிரி சொல்லுங்க, எட்டாவது படிக்கறான், புரியும். இந்த வைரஸ் உடம்புக்குள்ள போய் ரெண்டு நாள்லயும் காய்ச்சல் வரலாம், பதினாலு நாள் கழிச்சும் வரலாம், சிலருக்கு வராமயே கூட அடுத்தவங்களுக்கு பரவும். அதனால உனக்கு மொதல்ல காய்ச்சல் வந்ததால உங்கிட்ட இருந்துதான் அப்பாவுக்கு வந்துச்சுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது, அப்பாவுக்கு கம்பெனியில வந்து அவர்கிட்ட இருந்து உனக்கு வந்து, உனக்கு முந்தி காட்டியிருக்கலாம். 2021 ஏப்ரல்ல 45 வயசுக்கு மேலதான் கொரோனா ஊசி, 41 வயசுக்காரருக்கு போட வழியே இல்ல. தமிழ்நாட்டுல 18ல இருந்து 44 வயசு வரைக்கும் ஊசி போடறத முதலமைச்சர் தொடங்கி வெச்சதே உங்க திருப்பூர்லதான், தேதி 2021 மே 20, உங்க வீட்டுக்காரர் போய் ஆறு நாள் கழிச்சு. பெட் கெடைக்காம ஆக்சிஜன் கெடைக்காம ஊரே ஆம்புலன்ஸ்ல காத்துக் கெடந்த மாசம் அது. இதுல ஒரு பையன் கிரிக்கெட் விளையாடினது எங்க வருது? இத ஒரு தடவ சொன்னா பத்தாது, அவன் நம்பாத மாதிரி மூஞ்சிய திருப்பிக்குவான், மறுபடி சொல்லுங்க. முடிஞ்சா உங்க நாத்தனார விட்டு அவங்க வாயாலயே, அத்தை தெரியாம பேசிட்டேன் சாமின்னு சொல்ல வைங்க, நீங்க நூறு தடவ சொல்றதும் அவங்க ஒரு தடவ சொல்றதும் ஒண்ணில்ல.

ஹெல்பர் வேலைக்கு போறேன்ங்கறதும் இதோட ஒட்டினதுதான். இனிமே நீதான்டா வீட்டுக்கு ஆம்பள, அம்மாவ நீதான் பாத்துக்கணும்னு காரியத்தன்னிக்கு யாராச்சும் சொல்லியிருப்பாங்க, நம்ம பக்கம் சொல்லாம விட மாட்டாங்க. அப்பா செத்ததுக்கு காரணம் நான்னு நெனைக்கற பையன், அப்பா எடத்த நிரப்பணும்னு கெளம்பறது இயற்கைதான். வீட்டுக்கு பெரியவ நான் இருக்கேன், நீ எட்டாவது படிக்கற பையன், அது போதும்னு நீங்க வாய் திறந்து சொல்லணும். சட்டப்படியும் 14 வயசு ஆகாத புள்ளைய கம்பெனியில வேலைக்கு வெக்கக் கூடாது, வெச்சா மொதலாளிக்கு தண்டனை உண்டு, யாராச்சும் தெரிஞ்சவங்க "சும்மா வரச் சொல்லு"ன்னு கூப்பிட்டா இத சொல்லிருங்க.

ஸ்கூலுக்கு ஏன் போக மாட்டேங்கறான்னு ஒருவேளை இன்னொரு காரணமும் இருக்கலாம், வெக்கம். 2020 மார்ச்சுல மூடினப்ப அவன் ஆறாவது, ஏழாவது முழுசும் போன்லயே போச்சு, 2021 நவம்பர் 1ஆம் தேதி தொறந்து ரெண்டு மாசம் போய் ஜனவரியில ஒமிக்ரான்னு திரும்ப மூடிட்டாங்க. நடுவுல அப்பா வேற. போர்டுல அல்ஜீப்ரா எழுதினா ஒண்ணும் புரிஞ்சிருக்காது, யார்கிட்டயும் கேக்க முடியாது. கிளாஸ்ல பாதிப் பேரு அப்படித்தான் உக்காந்திருக்காங்கன்னு அவனுக்குத் தெரியாது. மார்க் பத்தி இந்த வருஷம் பேச்சே எடுக்காதீங்க. பிடிச்ச ஒரு ஃப்ரெண்ட காலையில வீட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, மொத வாரம் மதியம் வரைக்கும் இருந்தா போதும்னு கிளாஸ் டீச்சர்கிட்ட பேசுங்க, பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. பாப்பாவும் ஒண்ணாவது கிளாஸ கண்ணாலயே பாக்கல, யூ.கே.ஜி.ல வெளிய வந்தவ ரெண்டாவதுல போய் உக்காந்திருக்கா, எழுத்து கூட்டி படிக்கலன்னா அடிக்காதீங்க.

டி.சி. விஷயத்துல பயப்படாதீங்க. கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாவது வரைக்கும் டி.சி. வர லேட்டாகுதுன்னு காரணம் சொல்லி எந்த கவர்மெண்ட் ஸ்கூலும் சேக்காம இருக்க முடியாது. பாப்பாவுக்கு ஜூன்ல தாராளமா மாத்தலாம், கவர்மெண்ட் ஸ்கூல் புள்ளைங்களுக்காக 2021ல ஆரம்பிச்சு சாயங்காலம் நடத்தற இல்லம் தேடிக் கல்வி கிளாசும் அவளுக்கு கெடைக்கும். பையன் ஒம்பதாவது போறான், அந்தச் சட்டம் எட்டாவதோட நின்னுரும், அதனால இந்த வருஷம் முடியறதுக்குள்ள ஸ்கூல்ல பேசிருங்க. வருமானம் போனவங்ககிட்ட 2021-22 வருஷத்துக்கு 75 சதவீதம் ஃபீஸ்தான் வாங்கணும், அதையும் ஆறு தவணையா வாங்கணும்னு ஐகோர்ட் சொல்லியிருக்கு, எழுதிக் குடுத்து கேளுங்க. ஒத்துவரலன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனு குடுங்க. மாத்தறதா நிக்கறதான்னு பையன்கிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க, ஃப்ரெண்ட்ஸையும் சேத்து இழக்க வைக்க வேணாம்.

பணம் என் ஏரியா இல்ல, ஆனா நெறைய பேர் தெரியாமயே விட்டுட்டாங்க, அதனால சொல்றேன். அப்பா அம்மால ஒருத்தர கொரோனாவுல எழந்த புள்ளைங்களுக்கு தமிழ்நாடு அரசு 3 லட்சம் தரும்னு 2021ல அறிவிச்சுது, யாருக்குங்கறதுக்கு விதி இருக்கு, கலெக்டர் ஆபீஸ்ல மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு பிரிவுல கேளுங்க. கொரோனா இறப்புக்கு தரணும்னு 2021ல உத்தரவான 50,000 ரூபா தனி, டெத் சர்டிபிகேட்ல வெறும் நிமோனியான்னு போட்டிருந்தாலும் டெஸ்ட் ரிசல்ட், ஆஸ்பத்திரி பேப்பர் வெச்சு மாவட்ட கமிட்டியில மனு குடுக்கலாம். அவர் சம்பளத்துல பி.எஃப். பிடிச்சிருந்தா பென்ஷனும், இன்சூரன்ஸ் தொகை அதிகபட்சம் 7 லட்சம் வரைக்கும் இருக்கு, இ.எஸ்.ஐ. இருந்தா 2021ல கொண்டு வந்த கொரோனா நிவாரணத் திட்டத்துல குடும்பத்துக்கு மாசாமாசம் தர்றாங்க, தகுதி இருக்கான்னு இ.எஸ்.ஐ. ஆபீஸ்ல பாருங்க. அவர் பேங்க் பாஸ்புக்க எடுத்து 2020 மே, ஜூன் பக்கத்துல 330 ரூபா பிடிச்சிருக்கான்னு பாருங்க, இருந்தா அது 2 லட்சம் ரூபா லைஃப் இன்சூரன்ஸ். வாரிசு சர்டிபிகேட் எல்லாத்துக்கும் கேப்பாங்க, இ-சேவையில மொதல்ல அத போட்டுருங்க.

பையன் நானும் அப்பாகிட்டயே போயிடறேன்னு சொன்னாலோ, ரெண்டு வாரத்துக்கு மேல சரியா சாப்பிடாம ரூமை விட்டு வராம இருந்தாலோ என் அடுத்த பதிலுக்கு காத்துட்டு இருக்காதீங்க, கவர்மெண்ட் ஆஸ்பத்திரி மனநல ஓ.பி.க்கு கூட்டிட்டுப் போங்க, ராத்திரியில பயமா இருந்தா 104க்கு அடிங்க, தமிழ்லயே பேசுவாங்க, புள்ளைங்களுக்கு 1098.

மே வந்தா வருஷ திதி வரும். அன்னிக்கு முகத்தக் கூட சரியா பாக்க விடல, காரியத்துக்கு நாலு பேர் கூட சேர முடியல, பாப்பாவுக்கு எதுவுமே தெரியாது. இந்த திதிக்கு ரெண்டு புள்ளைங்களையும் பவானி கூடுதுறைக்கு கூட்டிட்டுப் போங்க, உங்க நாத்தனாரையும் வரச் சொல்லுங்க, அவருக்குப் பிடிச்சத சமைச்சு வைங்க. போட்டோ மட்டும் அது வரைக்கும் காத்திருக்க வேணாம், பாப்பாகிட்ட சொன்ன அன்னிக்கே மாட்டிருங்க. எந்த போட்டோ வெக்கறதுன்னு அந்த போன்ல இருந்து பையனையே எடுக்கச் சொல்லுங்க, எவ்வளவு உயரத்துல மாட்டணும்னு பாப்பாகிட்ட கேளுங்க.